இடுப்பில் துப்பாக்கி வைத்திருந்த நேர்மையான மனிதர்

மாணவர் விசாவில் வந்து, வார இறுதிகளில் காவல் வேலை பார்க்கப் புதிதாக உரிம அட்டை எடுத்திருக்கும் தம்பி தங்கைகளே, நீங்கள் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன். இந்த வேலையில் உங்களுக்குத் துப்பாக்கி கிடையாது. தடி கிடையாது. ஒரு கறுப்புச் சட்டை, கழுத்தில் ஓர் அட்டை, பாதி நேரம் கரகரக்கும் ஒரு வோக்கி டோக்கி, அவ்வளவுதான். யாருடைய பையையும் பலவந்தமாகத் திறந்து பார்க்க உங்களுக்கு அதிகாரமில்லை. திறந்து காட்ட மறுப்பவரை உள்ளே விடாமல் இருக்கலாம். அந்த ஒன்றை வைத்துக்கொண்டு நான் ஒக்லாந்தில் இருபத்திரண்டு வருடம் வாசல்களில் நின்று, போன வருடம்தான் ஓய்வு பெற்றேன்.

வெறுங்கையோடா நிற்கிறீர்கள் என்று சிலர் பரிதாபமாகக் கேட்பார்கள். எனக்கு அந்தப் பரிதாபம் அன்றும் வேண்டாம், இன்றும் வேண்டாம். நான் பிறந்து வளர்ந்த யாழ்ப்பாணத்தில் துப்பாக்கி வைத்திருந்த எல்லோருமே அனுமதியோடுதான் வைத்திருந்தார்கள். சந்திக்குச் சந்தி நின்றவர்களுக்கு அரசாங்கம் அனுமதி கொடுத்திருந்தது. மற்றவர்களுக்கு அவரவர் இயக்கம் கொடுத்திருந்தது. அனுமதி இல்லாமல் இருந்தது நாங்கள் மட்டும்தான். ஆகவே, "என்னிடம் லைசென்ஸ் இருக்கிறது" என்று யாராவது சொன்னால் எனக்கு உடனே மரியாதை வந்துவிடாது.

பெரிய கதைக்கு முன் என் முட்டாள்தனம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் இந்த அக்கா பிறக்கும்போதே எல்லாம் தெரிந்து பிறந்தவள் என்று நினைத்துவிடுவீர்கள். ஒக்லாந்தின் தெற்கில், பாபகூராவில் ஒரு தேர்தல் கூட்டம். அதற்குச் சில மாதங்களுக்கு முன்புவரை நான் ஈஸ்ட் டாமாக்கியில் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தவள். முகமெல்லாம் பச்சை குத்திய ஒரு பெரிய உடம்புக்காரரைப் பத்து நிமிடம் வாசலில் நிறுத்திக் கேள்வி மேல் கேள்வி கேட்டேன். அவர் வேட்பாளரின் மைத்துனர், வேட்பாளர் மறந்துவிட்டு வந்த மூக்குக்கண்ணாடியைக் கொண்டுவந்திருந்தார். அந்த நேரத்தில் ஒரு வெள்ளைக்கார அம்மா கேக் டப்பாவும் புன்சிரிப்புமாக என்னைக் கடந்து போனார். நான் கதவைத் திறந்தும் விட்டேன். நேரே மேடைக்குப் போய், கிறீம் கேக்கை வேட்பாளரின் முகத்தில் அப்பிவிட்டு, அதே புன்சிரிப்போடு திரும்பி வந்தார். அன்றிலிருந்து ஆளின் தோற்றத்தை நம்புவதை விட்டேன். ஆனால் ஆளை விட்டுவிட்டுப் பையை மட்டும் பார்க்கவும் அன்றிலிருந்துதான் பழகிக்கொண்டேன், அது வேறு ஒரு தவறு என்று தெரிய எனக்குப் பல வருடங்கள் ஆயின.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பிளாக்ஹவுஸ் பேயில் ஒரு மண்டபம், சனிக்கிழமை பிற்பகல். நம் ஆட்களின் அமைப்பு ஒன்று நடத்திய அரசியல் கூட்டம். அமைப்பின் செயலாளர் தமிழ்நாட்டுத் தம்பி, கம்ப்யூட்டர் வேலை, ஓடியாடி உழைப்பவர், நல்ல பிள்ளை. சிறப்புப் பேச்சாளர் அமெரிக்காவில் டெக்சாஸிலிருந்து வந்திருந்தார். ஐம்பத்தைந்து வயது மதிக்கலாம், ஒல்லியான மனிதர், பொறியியலாளர். அவர் பேசும் அரசியலுக்கு நம்மில் பாதிப் பேர் கை தட்டுவார்கள், மற்றப் பாதி பல்லைக் கடிப்பார்கள். உள்ளே இருநூறு பேர் இருந்தார்கள், பிள்ளைகளும் கைக்குழந்தைகளுமாக.

செயலாளர் கார் நிறுத்துமிடத்திலேயே அவருக்குப் பொன்னாடை போர்த்தி அழைத்து வந்தார். வாசலில் நான் ஒருத்திதான். பேச்சாளர் என் முன்னால் நின்று அட்டையில் என் பெயரை வாசித்தார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"மேடம், உள்ள போறதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒண்ணு சொல்லிடணும். எங்கிட்ட கன் இருக்கு. இடுப்புல, வலது பக்கம், லோட் பண்ணியிருக்கு. லைசென்ஸ் இருக்கு, பேப்பர்ஸ் எல்லாம் இந்த ஃபைல்ல இருக்கு."

 நான் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. "நல்லது ஐயா, சொன்னதுக்கு நன்றி. கையை இப்பிடி முன்னால வைச்சுக்கொண்டு நில்லுங்கோ," என்றேன்.

அவர் பொய் சொல்லவில்லை. அந்தக் கோப்பைப் போல ஒழுங்கான கோப்பை நான் எந்த அலுவலகத்திலும் பார்த்ததில்லை. அமெரிக்காவில் வெளி மாநிலங்களில் அரசியல் கூட்டங்களுக்குக் காரில் போகும்போது, ஒவ்வொரு மாநிலத்தின் சட்டத்தையும் அச்செடுத்து வைத்துக்கொள்வாராம். எந்த மாநிலம் தன் அனுமதியை ஏற்கும், எது ஏற்காது, எங்கே எல்லைக்கு முன்னால் நிறுத்திக் கழற்றிப் பெட்டியில் பூட்ட வேண்டும், எல்லாம் அவருக்கு அத்துப்படி. மண்டபத்துக்குப் போனதும் முதல் வேலையாக வாசலில் நிற்பவரிடம் சொல்லிவிடுவது அவர் வழக்கம். இங்கே வந்தது ஒரு துப்பாக்கி சுடும் போட்டிக்காக. அதற்காகவே தன் துப்பாக்கியை முறைப்படி அனுமதி வாங்கிக் கொண்டுவந்திருந்தார். இந்தக் கூட்டம் இடையில் வந்தது.

ஆனால் அந்த அனுமதி போட்டிக்கும் அதை நடத்தும் துப்பாக்கி சுடும் கழகத்துக்கும் மட்டும்தான். இந்த நாட்டில் கைத்துப்பாக்கி பூட்டிய பெட்டிக்குள் பயணம் செய்யலாம், மனிதரின் இடுப்பில் பயணம் செய்ய முடியாது. தற்காப்புக்கென்று யாருக்கும் அனுமதி இல்லை. ஐம்பது மாநிலச் சட்டங்களை அலசி வைத்திருந்தவர் இதை எப்படித் தவறவிட்டார்? அவர் தவறவிடவில்லை. நம் செயலாளரிடம் போனில் கேட்டிருக்கிறார், "அங்க நான் கேரி பண்ணலாமா?" என்று. செயலாளர், "ஒண்ணும் பிரச்சனையே இல்ல சார், தாராளமா!" என்றிருக்கிறார்.

செயலாளருக்குச் சட்டம் ஒரு வரியும் தெரியாது. ஆனால் விருந்தாளி ஒன்று கேட்டு, இல்லை என்று சொல்லி நம் ஆட்களுக்குப் பழக்கமில்லை. வாயில் வராது. பார்ப்போம் என்போம், செய்திடலாம் என்போம், பிரச்சனை இல்லை என்போம். கேட்டவர் முகம் சுருங்கக் கூடாது, மற்றதெல்லாம் பிறகு. அந்தப் பிறகு அன்று என் வாசலுக்கு வந்து நின்றது.

"ஐயா, இதோட உங்களை உள்ளுக்கு விட ஏலாது," என்றேன்.

செயலாளர் பதறிப் போனார். "அக்கா, சீஃப் கெஸ்ட் அக்கா! அப்ப கார்ல வச்சுட்டு வரட்டுமே."

"காரிலை விட்டிட்டு வாறதும் குற்றம், தம்பி."

"சரி, உங்க கையில குடுத்துடட்டும்."

"என்னட்டை லைசென்ஸ் இல்லை. நான் வாங்கினால் பிறகு என்னையும் சேர்த்துத்தான் பொலிசுக்காரர் ஏத்துவாங்கள்."

"கிச்சன்ல குத்துவிளக்கு வைக்கிற அலமாரி இருக்கு, பூட்டு இருக்கு, அதுல..."

எனக்கு வந்த கோபத்தில் சிரிப்பும் வந்தது. "தம்பி, வாயை மூடிக்கொண்டு உள்ளுக்குப் போம். போய், வடையையும் தேத்தண்ணியையும் இப்பவே குடுக்கச் சொல்லும். பின் பக்கத்து மேசையிலை."

இதைக் குறித்துக்கொள்ளுங்கள். நம் கூட்டத்தை ஒரு வாசலிலிருந்து நகர்த்த வேண்டுமானால் அபாயமணி அடிக்காதீர்கள், எல்லோரும் என்ன என்று பார்க்க வாசலுக்குத்தான் வருவார்கள். வடை என்று சொல்லுங்கள். மூன்று நிமிடத்தில் இருநூறு பேரும் மண்டபத்தின் மறுகோடியில் நின்றார்கள். நான் கதவைச் சாத்திவிட்டு, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை வெளியே போட்டு அவரை உட்காரச் சொன்னேன்.

இந்த இடத்தில்தான் நீங்கள் என்னைத் திட்டலாம். அவர் வந்த வழியே திரும்பிப் போகட்டும் என்று விட்டிருக்கலாம். யாருக்கும் தெரியாது. அவர் சொல்லாமல் இருந்திருந்தால் எனக்கும் தெரிந்திராது, பொன்னாடை இடுப்புவரை மூடியிருந்தது. உண்மை சொன்ன ஒரே காரணத்துக்காக ஒரு மனிதரை மாட்டிவிடுவதா? பொய் சொல்கிறவன் உள்ளே போய்விடுவான், மெய் சொன்னவன் கம்பி எண்ணுவானா?  ஆனால் அவரைத் திருப்பி அனுப்பினால், குண்டு போட்ட துப்பாக்கி ஒன்று என் கண்ணுக்குத் தெரிந்து ஊருக்குள் நடந்து போகும். அதற்குப் பிறகு நான் வாசலில் நிற்பதற்கு என்ன அர்த்தம்?

"ஐயா, நான் பொலிசுக்குப் போன் அடிக்கப் போறன். ஒளிச்சு அடிக்கேல்லை, உங்களுக்கு முன்னாலேயே அடிக்கிறன்," என்றேன்.

அவர் கோப்பை மூடி மடியில் வைத்தார். "நான் உண்மைதானே மேடம் சொன்னேன்?"

"ஓம். அதையும் அவையளுக்குச் சொல்லுவன்."

சொன்னேன். வெள்ளை நாற்காலியில் இருக்கிறார், கைகள் முழங்காலில் இருக்கின்றன, அமைதியாக இருக்கிறார், தானே முன்வந்து சொன்னார். இந்த நான்கையும் மறக்காமல் சொன்னேன். வருகிறவர்கள் நீள் துப்பாக்கிகளோடு வருவார்கள், அவர்கள் காரிலிருந்து இறங்கும்போது மனதில் எந்தப் படத்தோடு இறங்குகிறார்கள் என்பது போன் செய்கிறவரின் வாயில் இருக்கிறது. அவர்கள் வந்தார்கள், குரல் உயர்த்தாமல் துப்பாக்கியைக் கழற்றினார்கள், அவரை ஏற்றிக்கொண்டு போனார்கள். பொன்னாடை நாற்காலியில் கிடந்தது.

செயலாளர் அழாத குறையாக நின்றார். "நம்ம ஆள நாமளே புடிச்சுக் குடுக்கறதா அக்கா?"

மறுநாள் நான் வாக்குமூலம் கொடுக்கப் போகுமுன் செயலாளர் போன் செய்தார். "பெட்டிக்குள்ளதான் இருந்துச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க அக்கா. கேஸ் லேசாயிடும்." சொல்ல மாட்டேன் என்றேன். அந்த வாரமே வாட்ஸ்அப் குழுக்களில் எனக்குக் காட்டிக்கொடுத்தவள் என்று பெயர் வைத்தார்கள். அந்தச் சொல்லுக்கு எங்கள் ஊரில் என்ன கனம் என்று உங்களில் பலருக்குத் தெரியாது. அதற்காக மனிதர்கள் செத்திருக்கிறார்கள். கடையில் என்னைக் கண்டு அடுத்த வரிசைக்குப் போனவர்கள் இருக்கிறார்கள். நான் வேண்டுமென்றே அவர்கள் நின்ற வரிசைக்கே போய், எப்படிச் சுகம் என்று கேட்டேன். ஒளிந்து திரிய நான் என்ன செய்துவிட்டேன்?

வழக்கு வரும்வரை அவரை நாட்டை விட்டுப் போக விடவில்லை. குற்றத்தை ஒப்புக்கொண்டார். தீர்ப்பு நாளில் நான் விடுப்பு எடுத்துக்கொண்டு போய்ப் பின்வரிசையில் இருந்தேன். என் வாக்குமூலத்தில் இரண்டு விஷயம் இருந்தது. துப்பாக்கி இடுப்பில் இருந்தது என்பது ஒன்று. அதைக் கண்டுபிடித்தது நான் அல்ல, அவரே சொன்னார் என்பது மற்றது. நீதிபதி இரண்டாவதை இருமுறை வாசித்தார். துப்பாக்கியைப் பறிமுதல் செய்துவிட்டு, குற்றப் பதிவு இல்லாமல் அவரை விட்டார்கள். நான் பெட்டிக் கதை சொல்லியிருந்தால் அந்த இரண்டாவதையும் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

தாழ்வாரத்தில் அவரே என்னிடம் வந்தார். திட்டப் போகிறார் என்றுதான் நினைத்தேன், பதிலும் தயாராக வைத்திருந்தேன்.

"மேடம், உங்க மேல எனக்குக் கோவம் இல்ல. ஒண்ணே ஒண்ணுதான். அன்னைக்கு லைசென்ஸ கேட்டீங்க, பேப்பர கேட்டீங்க. யாருக்குப் பயந்து இத வச்சிருக்கேன்னு மட்டும் நீங்க கேக்கவே இல்ல."

 "இப்ப கேக்கிறன். சொல்லுங்கோ," என்றேன்.

புருவத்துக்கு மேலே தையல் போட்ட தழும்பைக் காட்டினார். வேறொரு மாநிலத்தில் ஒரு கூட்டத்தில் நாற்காலியால் அடித்திருக்கிறார்கள். அதன் பிறகுதான் துப்பாக்கி. ஒக்லாந்துக்கு வருவதாக அறிவித்ததும் இங்கிருந்தே ஒருவன் அவருக்கு எழுதியிருந்தான். போனில் காட்டினார். 'வந்து மேடையிலை ஏறிப் பார். பிறகு தெரியும் நாங்கள் ஆரெண்டு.' பக்கத்தில் சின்னதாக அவன் படம். அதைச் செயலாளருக்கும் அனுப்பியிருக்கிறார். செயலாளர் என்ன சொல்லியிருப்பார் என்று உங்களுக்கே தெரியும். "நான் பாத்துக்கறேன் சார், பிரச்சனை இல்ல."

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன்.  அவன் அன்று மண்டபத்தில் இருந்தான். அவனுடைய பையை நான் பார்த்தேன், ஒன்றும் இருக்கவில்லை, உள்ளே விட்டேன். பேச்சாளர் வரமாட்டார் என்று அறிவித்ததும் முதலில் எழுந்து போனவன் அவன்தான். கையில் ஒரு வடையோடு போனான். மழை தூறுகிறது, பார்த்துப் போங்கோ என்று நானே கதவைப் பிடித்து அனுப்பிவைத்தேன்.

அன்று எனக்கு வந்த ஆத்திரத்தை எழுத முடியாது. செயலாளர் மேல் ஆத்திரம். இந்தப் படத்தை என் கையில் தராமல் இடுப்பில் இரும்பைச் செருகிக்கொண்டு வந்த மனிதர் மேல் ஆத்திரம். வாசலில் நிற்கும் பெண்பிள்ளை என்ன செய்துவிடப் போகிறாள் என்றுதானே இருவரும் நினைத்தார்கள்? எல்லாவற்றுக்கும் மேலாக என் மேல். கேட்டிருந்தாலும் துப்பாக்கியை உள்ளே விட்டிருக்க மாட்டேன், பொலிசையும் கூப்பிட்டிருப்பேன். அதில் இன்றுவரை எனக்கு மாற்றமில்லை. அந்த இருநூறு பேருக்கு நடுவில் அவன் எழுந்து, இவர் இடுப்பில் கை வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே நான் விரும்பவில்லை. ஆனால் கேட்டிருக்க வேண்டும். பயந்து வருகிறவரிடம், யாருக்குப் பயம் என்று கேட்பதுதான் நம் வேலையின் முதல் கேள்வி. நான் அதைக் கேட்காமல் காகிதத்தை வாசித்துக்கொண்டிருந்தேன்.

அங்கிருந்து நேரே அவரைப் பொலிஸ் நிலையத்துக்குக் கூட்டிப் போய் அந்தச் செய்தியைப் பதிய வைத்தேன். அவர் ஊருக்குத் திரும்புமுன், விட்டுப்போன பேச்சை நடத்த அமைப்பு முடிவு செய்தது. செயலாளர் தயங்கித் தயங்கி என்னை அழைத்தார். வாசலுக்கு நீங்கள்தான் வேண்டும் என்று சார் சொல்கிறார் என்றார். வருகிறேன், ஆனால் படத்திலிருப்பவருக்கு அனுமதி இல்லை என்று அமைப்பு எனக்கு எழுதித் தர வேண்டும் என்றேன்.  எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்.

அதே மண்டபம், ஞாயிறு மாலை நாலு மணி. பேச்சாளர் வந்தார். கோட்டை இரு பக்கமும் விரித்துக் காட்டினார்.  "பயமா இருக்கு மேடம்," என்றார். "இருக்கட்டும். நான் இஞ்சைதான் நிப்பன்," என்றேன்.

பேச்சுத் தொடங்கிப் பத்து நிமிடத்தில் படத்திலிருந்தவர் வந்தார். நல்ல உயரம். கையில் டிக்கெட்.

"இண்டைக்கு உங்களை உள்ளுக்கு விட ஏலாது," என்றேன்.

"ஏன்? காசு குடுத்து டிக்கெட் வேண்டித்தானே வந்தனான்?"

"ஓம். காசைத் திருப்பித் தருவினம். உள்ளுக்கு விட மாட்டன்."

"எங்கடை ஊர்ப் பொம்பிளை நீங்கள். எங்கடை ஆளையே மறிக்கிறியளோ?"

"மறிக்கிறன்."

அவர் ஓரடி முன்னால் வந்தார். நான் நின்ற இடத்தில் நின்றேன்.  பின்னால் கதவுக்குள்ளிருந்து கைதட்டல் கேட்டது. அவர் என்னைப் பார்த்தார், என் அட்டையைப் பார்த்தார், என் வெறும் கைகளைப் பார்த்தார். நான் போனை எடுத்துக் காட்டினேன். காட்டிக்கொடுக்கிறவள் என்று என்னைப் பற்றி அவரும் கேள்விப்பட்டிருப்பார். அந்தக் கெட்ட பெயர் அன்று எனக்குக் கைகொடுத்தது. எதையோ முணுமுணுத்துவிட்டுக் காருக்குப் போய்விட்டார். கார் வீதி திரும்பும்வரை நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கூட்டம் முடிந்து பேச்சாளர் வெளியே வந்தார். வியர்த்து, முகம் மலர்ந்து, பத்து வயது குறைந்தவராக இருந்தார். கூட்டம் அவரைச் சுற்றிக்கொண்டிருக்கும்போதே என்னிடம் குனிந்து கேட்டார்.

"யாராவது வந்தாங்களா மேடம்?"

"ஒருத்தர் வந்தவர்."

"என்ன சொன்னீங்க?"

"இல்லை எண்டு சொன்னனான்."